வாயை மட்டும் அசைத்தால் போதுமா?

கேள்வி: எட்டு வயது மகனைச் சேர்ந்திசைக் குழுவில் சேர்த்தோம். சுருதி சேரவில்லையாம், மேடையில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். பிறவியிலேயே சுருதி பிடிபடாதவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்குக் காது சரியாகத்தான் இருக்கும், குரலை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதுதான் இன்னும் பழகியிருக்காது. அப்பா தன் கனத்த குரலில் பாடிக் காட்டுவார், பிள்ளையும் அவ்வளவு கீழே இறங்கிப் பார்க்கும், பேச்சு மாதிரி ஏதோ ஒன்று வரும், உடனே "இவனுக்குப் பாட்டு வராது" என்று முத்திரை குத்திவிடுவோம். (எனக்கும் குத்தினார்கள். அந்தக் கோபம் இந்தப் பதிலில் கொஞ்சம் இருக்கும்.)

வீட்டில் நீங்கள் முதலில் பாடாதீர்கள். அவன் 'ஊ' என்று தனக்கு வசதியான ஒரு சுரத்தைப் பிடிக்கட்டும், நீங்கள் போய் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு குரலும் ஒட்டுகிற நொடி அவனுக்கே தெரியும். அப்புறம் சைரன் மாதிரி கீழிருந்து மேலே இழுத்து விளையாடுங்கள். குழுவில், சுருதி நிலையாக நிற்கும் இருவருக்கு நடுவில் அவனை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். வாயை மூடி வைத்தால் எப்படிப் பழகுவான்?

கேள்வி: மகள் நன்றாகப் பாடுவாள். குழுவில் அவள் குரல் தனியாகக் கேட்பதே இல்லை. தனி வகுப்புக்கு மாற்றட்டுமா?

பதில்: தனியாகக் கேட்காமல் பாடுவதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம்! தனி வகுப்பும் இருக்கட்டும், ஆனால் இதை விடவேண்டாம். நீளமான ஒரு சுரத்தை முப்பது பிள்ளைகள் பிடித்து நிற்கும்போது கவனியுங்கள்: எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும், அதனால் பக்கத்தில் நிற்பவள் மூச்சு வாங்காத நேரம் பார்த்து, தெரியாமல் விலகி, தெரியாமல் வந்து சேரவேண்டும். தன் குரலோடு அடுத்தவள் மூச்சையும் கேட்டால்தான் இது முடியும். தனியாகப் பாடும்போது இதற்கு இடமே இல்லை. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றுபோல ஏறி இறங்குவதைக் கண்டார்கள். பாட்டின் அடிகள் மூச்சை ஒழுங்குபடுத்த, துடிப்பும் அதன் பின்னால் போகிறது.

கேள்வி: தொண்டை கட்டியிருக்கும் நாளில் பயிற்சிக்கு அனுப்பலாமா?

பதில்: காய்ச்சல் இல்லையென்றால் அனுப்புங்கள், பாடவேண்டாம். ஓரமாக உட்கார்ந்து, இத்தனை நாள் தன் பாட்டுச் சத்தத்தில் காதில் விழாத அந்த இரண்டாம் குரலை (முதல் மெட்டோடு சேர்ந்து, வேறு சுரங்களில் இன்னொரு பகுதிப் பிள்ளைகள் பாடுவதை) ஒருநாள் முழுசாகக் கேட்கட்டும்.