குஞ்சம் சாய்கிறது, தொப்பி நழுவுகிறது
பாண்ட் குழுத் தலையணிகள்: வாசகர் கேள்வி – பதில்

இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்குவதால், இம்முறை தொப்பி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஷாகோ (முன் பீக்கும் குஞ்சமும் உள்ள உயரமான விறைத்த தொப்பி) வாங்கப் பணம் போதாது. சென்ற முறை கடதாசி மட்டையில் செய்தோம். காலைப் பனியிலேயே ஊறிப் பிதுங்கிவிட்டது. நாங்களே உறுதியாகச் செய்ய வழி உண்டா?
– பொறுப்பாசிரியர், தலவாக்கலை

உண்டு. மட்டையைக் கைவிடுங்கள். மேலே எவ்வளவு வர்ணம் பூசினாலும் வெட்டிய விளிம்பு வழியாக ஈரம் ஏறிவிடும். வளைத்தால் முறியாத 1 மி.மீ. பிளாஸ்டிக் தகடு, மேலுறைக்கு ரெக்சின் எனும் செயற்கைத் தோல், உள்ளே ஒட்ட 5 மி.மீ. போம், இவ்வளவும் போதும்.

அளவு நாடாவைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளக்க வேண்டும். 54 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் போமுக்காகப் பலர் ஒரு செ.மீ. கூட்டி வெட்டுவார்கள். தொப்பி தலையில் இறங்காது. அரை செ.மீ. தடிப்பு தலையைச் சுற்றிவர இருப்பதால் சுற்றளவில் 3 செ.மீ. கூடுகிறது. ஆகவே கூட்டின், அதாவது தகட்டில் செய்யும் தொப்பி உடலின், அடிச்சுற்று 57 செ.மீ.

மேல்நோக்கி விரியும் ஷாகோவுக்கு நேர்ப்பட்டி சரிவராது. வில்லாக வளைந்த பட்டி வேண்டும். தகட்டைப் பலகையின் மேல் விரித்து, எட்டத்தில் ஓர் ஆணி அடித்து, அதை மையமாக வைத்து 142.5 செ.மீ.யில் ஒரு வில்லும் 157.5 செ.மீ.யில் இன்னொரு வில்லும் கீறுங்கள். நூல் இழுபடும், மெல்லிய கம்பி நல்லது. உள்வில்லில் 57 செ.மீ. அளந்து, அதன் இரு முனைகளையும் ஆணியோடு சேர்க்கும் நேர்கோடுகளை வெளிவில் வரை நீட்டினால் அங்கே 63 செ.மீ. தானாக வரும். உயரம் 15 செ.மீ. ஒரு பக்கத்தில் மேலொட்டுக்கு 2 செ.மீ. கூடுதலாக விடுங்கள். உச்சிக்கு 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம், அதைச் சுற்றி 1 செ.மீ. விட்டு, பல்பல்லாக வெட்டி மடித்துக் கூட்டுக்குள் ஒட்ட வேண்டும்.

ஒட்டும் நாளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ரெக்சினுக்குப் பாவிக்கும் மஞ்சள் பசையை இரு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். மூடுபனி நாளில் பசை காயும்போது அதன் மேல் ஈரம் படிந்து மங்கலான வெண்படலம் கட்டும். அப்படியே ஒட்டினால் அன்றைக்குப் பிடித்ததுபோல இருக்கும். அணிவகுப்பன்று பொருத்து விரியும். வெயில் உள்ள நண்பகலில், யன்னல்களைத் திறந்து வைத்து, பெரியவர்களே செய்யட்டும். பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், நெருப்பும் பற்றும். பின்பக்க மேலொட்டுக்குப் பசையை மட்டும் நம்பாமல் மூன்று ரிவெட் அடியுங்கள்.

ரெக்சினை அடிவிளிம்பில் 2 செ.மீ. உள்ளே மடித்து ஒட்டினால் மழைநீர் உட்புகாது. உச்சிக்குக் கீழே இரு பக்கமும் 4 மி.மீ. துளை ஒவ்வொன்று இடுங்கள், வியர்வை ஆவி வெளியேற. குஞ்சம் செருகும் குழாய் முன்பட்டயத்துக்கு (தொப்பியின் முன்புற உலோகச் சின்னம்) பின்னால் வரும். மின்கம்பி இழுக்கும் பிளாஸ்டிக் குழாயில் 4 செ.மீ. துண்டு போதும். அதைக் கூட்டில் நேரே திருகாமல், உட்பக்கம் சிறு தகரத் துண்டு வைத்துத் திருகுங்கள். இல்லாவிட்டால் காற்றில் குஞ்சம் ஆடி ஆடித் துளை பெருத்துவிடும். முடிந்த தொப்பியை நிறுத்துப் பாருங்கள். 400 கிராமைத் தாண்டினால் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நான் ட்ரம்பெட் வாசிக்கிறேன். உயர்த்தி ஊதும்போது தொப்பி பின்னால் போகிறது. ஸைட் ட்ரம் அடிக்கும் தங்கைமாருக்கு முன்னால் விழுகிறது. நாடிப்பட்டியை இறுக்கினால் ஊத முடியவில்லை.
– பாண்ட் குழுத் தலைவி, பண்டாரவளை

பட்டியை இறுக்குவதற்கு முன் தொப்பி தலைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பட்டியைக் கழற்றிவிட்டுத் தலையை இடம் வலமாக வேகமாகத் திருப்புங்கள். முகம் திரும்பித் தொப்பி திரும்பாவிட்டால் அளவு பெரிது. வியர்வைப் பட்டிக்குப் பின்னால் 3 மி.மீ. போம் பட்டி சுற்றிவர வைத்தால் ஏறக்குறைய 2 செ.மீ. குறையும். பின்னால் சரியும் தொப்பிக்குப் பிடரிப் பக்கத்தில் மட்டும் இன்னொரு துண்டு வையுங்கள்.

பட்டி கூட்டோடு சேரும் இடம் அடுத்தது. காதுக்கு வெகு முன்னால் தைத்திருந்தால் இறுக்க இறுக்க முன்பக்கம் தாழும். பின்னால் தைத்திருந்தால் தொப்பி பின்னே சாயும். காதின் முன்விளிம்புக்கு நேர் மேலே இருப்பதே நடுநிலை. ஊதுகிறவர்கள் பட்டியை உதட்டுக்குக் கீழே போடக்கூடாது, தாடை அசைய இடமிராது. நாடி எலும்புக்கு அடியில், ஒரு விரல் நுழையும் தளர்வோடு இருக்கட்டும். இலாஸ்டிக் வேண்டாம், ஒவ்வோர் அடிக்கும் தொப்பி துள்ளும். முன் பீக் (நெற்றிக்கு மேல் நீளும் விளிம்பு) மூக்கின் மேற்பள்ளத்துக்கு இரு விரல் மேலே நின்றால் சரி.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பனால் காதருகே கட்டினால் அந்த முடிச்சுத்தான் தொப்பியைத் தூக்கும். அன்றைக்கு மட்டும் பின்னலைப் பிடரிக்குக் கீழே தாழ்த்திக் கட்ட அதிபரிடம் அனுமதி கேளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் போம் வழுக்கும். பருத்தித் துணி உறை போட்டால் பிடிக்கும்.

குஞ்சத்தின் உயரத்தையும் சொல்லியாக வேண்டும். 6 அங்குலத்தை 12 ஆக்கினால் காற்று அடியில் இழுக்கும் இழுவை இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு. மலைச்சரிவு மைதானத்துக்கு 8 அங்குலம் போதும்.

அலுமாரியில் இருந்த தொப்பிகளில் பூஞ்சணம். வெயிலில் போடலாமா?
– ஆசிரியை, ஹட்டன்

நேர் வெயிலில் வேண்டாம், ரெக்சின் சுருங்கி வெடிக்கும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வெளியில் வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். பின் வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். அதற்கு முன் பட்டயங்களைக் கழற்றிவிடுங்கள். பித்தளையை வினாகிரி அரிக்கும். பித்தளைக்குப் புளி போட்டுத் துலக்கி நன்றாகக் கழுவலாம். பொன்னிறம் ஏற்றிய அலுமினியப் பட்டயத்துக்குப் புளியும் கூடாது, பிராசோ பொலிஷும் கூடாது. நிறமே போய்விடும், ஈரத்துணி போதும்.

இனி வைப்பது. பொலித்தீன் பையில் கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் அங்கேயே நிற்கும், துணிப்பை நல்லது. சிலிக்கா ஜெல் பொதியைத் திறந்த அலுமாரியில் போட்டுப் பயனில்லை, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான் அது வேலை செய்யும், அதுவும் முற்றாகக் காய்ந்த தொப்பிக்கு. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். தொப்பியை உச்சி கீழாக வைத்தால் பீக் வளையாது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவே வேண்டாம்.

நனைந்த தொப்பியை அடுப்பருகே வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தப்பு மேளத்துக்கு நெருப்புக் காட்டினால் முறுக்கேறும். பிளாஸ்டிக் கூட்டுக்குக் காட்டினால் கோணிப்போகும்.

பழைய களஞ்சிய அறையில் துரைமார் காலத்து வெள்ளை ஹெல்மெட் ஒன்று கிடைத்தது. குழுவை முன்னின்று நடத்தும் ட்ரம் மேஜருக்குப் போடலாமா?
– பழைய மாணவர், நாவலப்பிட்டி

கையில் எடுத்ததும் காற்றுப்போல இலேசாக இருந்தால் அது நெட்டியில் செய்த சோலா தொப்பி. சதுப்பில் வளரும் நெட்டிச் செடியின் தண்டுச் சோற்றை அச்சின் மேல் தகடு தகடாக ஒட்டி வடிவமைத்து, மேலே துணி போர்த்துவார்கள். வெயிலுக்கு மிக நல்லது, மழைக்கு ஆகவே ஆகாது. ஊறினால் வீங்கி வடிவம் கெடும். மழை இல்லாத நாளில் போடலாம், ஆனால் உட்பட்டியை மாற்றுங்கள். வெளுக்க வெள்ளைச் சப்பாத்துப் பூச்சை மெல்லியதாக இரு முறை பூசி, ஒவ்வொரு முறையும் காய விடுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் செதிலாக உரியும். பிரித்தானியக் காலாட்படை 1878இல் ஷாகோவை விட்டு ஹெல்மெட்டுக்கு மாறியது. ஆகவே குழு ஷாகோவிலும் ட்ரம் மேஜர் ஹெல்மெட்டிலும் வந்தால் கால முரண் என்று யாராவது சொல்லலாம். எங்களுக்கு அது உறுத்தவில்லை. தலைவர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்க ட்ரம் கோர் அணிகளில் (ஊதுகருவியும் ட்ரம்மும் வாசிக்கும் அணிவகுப்புக் குழுக்கள்) சிலர் ஒரு பக்கம் மடித்த அகலத் தொப்பி போடுகிறார்கள். இப்போது பலர் தொப்பியே போடுவதில்லையே?
– மாணவர், பதுளை

மடித்த தொப்பி அவுஸ்திரேலியப் படையிலிருந்து வந்தது. துப்பாக்கியைத் தோளில் சாய்க்கும்போது இடிக்காதபடி இடப்பக்க விளிம்பை மடித்தார்கள். சான்டா கிளாரா வான்கார்ட், மடிசன் ஸ்கவுட்ஸ் அணிகள் அதனாலேயே அறியப்பட்டன. வயோமிங் மாநிலத்தின் ட்ரூப்பர்ஸ் அணிக்குக் குதிரைப்படைத் தொப்பி. அந்த அணிகள் பல முன்னாள் படைவீரர் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்தவை. அதனால்தான் அந்தத் தோற்றம். இப்போது ஓடி, உருண்டு, நடனமாடி வாசிப்பதால் பலர் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். நம் குழுக்கள் நேர்வரிசையில் நடக்கின்றன. வரிசை ஒழுங்கை ஒரே மட்டத்தில் நிற்கும் பீக்குகளே காட்டும். தொப்பி இருக்கட்டும்.

பெயார்ஸ்கின், பஸ்பி: என்ன வித்தியாசம்?
– வாசகி, மாத்தளை

பெயார்ஸ்கின் உயரமானது, பிரித்தானியக் காவற்படைக் காலாட்கள் அணிவது. பஸ்பி குட்டையானது, ஹுஸார் எனும் இலகு குதிரைப்படையுடையது. பக்கத்தில் நிறத்துணிப் பை தொங்கும். செயற்கை மயிரில் செய்த எதுவானாலும் பனியில் நனைந்தால் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். ஈரம் போகுமுன் அகலப் பல் சீப்பால் மேலிருந்து கீழாக வாருங்கள்.

சிவப்புக் குஞ்சம் மழையில் கசிந்து வெள்ளைத் தொப்பி கறைபட்டுவிட்டது.
– பயிற்றுநர், நுவரெலியா

ரெக்சின் என்றால் உடனே குளிர்நீரும் சவர்க்காரமும். காய்ந்த கறைக்கு மெதிலேட்டட் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, முதலில் உள்விளிம்பில் சோதித்துப் பாருங்கள். வெள்ளை மங்கினால் நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ஓர் இறகை ஈர வெள்ளைத்துணியில் அரை மணி நேரம் அழுத்தி வைத்து, நிறம் இறங்கினால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். நனைந்த குஞ்சத்தை உதறி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வையுங்கள். அணி மைதானத்தில் இறங்கும்வரை அதைத் தொப்பியில் செருகாமல், அதைப் பாதுகாக்கும் தனிக் குழாய்க்குள்ளேயே வைத்திருங்கள்.