கையும் காலும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 61. இளைய மகன் காலேஜ் படிக்கும்போது வாங்கிய டிரம்ஸ் செட் எங்கள் வீட்டு மச்சில் கிடக்கிறது. அவன் வேலை கிடைத்துப் பெங்களூர் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. போன தை மாதம் தூசி தட்டப் போனவள், சும்மா உட்கார்ந்து இரண்டு தட்டு தட்டினேன். அதிலிருந்து தினமும் காலை 11 மணிக்குச் சமையல் முடிந்ததும் மச்சுக்கு ஏறிவிடுகிறேன்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. கோயில் கொடை விழாக்களில் கேட்ட மேளம்தான் என் காதில் இருப்பதெல்லாம். இரண்டு கையும் ஒருவாறு வருகிறது. வலது காலைப் பெடலில் வைத்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. கால் மிதித்தால் இடது கையும் கூடவே இறங்குகிறது, இல்லாவிட்டால் வலது கை நின்றுவிடுகிறது. டவுனில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "இந்த வயசுல மூளை கையையும் காலையும் பிரிக்காதும்மா, வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீங்களும் வயதான பிறகு டிரம்ஸ் கற்றதாக எழுதியிருந்தீர்கள். உண்மையிலேயே வருமா? வராது என்றால் செட்டைச் சர்ச்சுக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

*

அன்புள்ள அக்கா,

நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். செட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வரும்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரும், நமக்கு நாளாகும். அதை மறைத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் நாளாகும் என்பது வேறு, வராது என்பது வேறு. நான் 55 வயதில் ஆரம்பித்தேன், கையும் காலும் முதல் தடவை ஒழுங்காகச் சேர்ந்து ஒரு நிமிடம் நிற்காமல் ஓட எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்த மாஸ்டர் நல்ல வாசிப்புக்காரராகவே இருக்கலாம். அவர் சொன்னதில் எனக்கு வருத்தம் தருவது வயதைப் பற்றிய பேச்சுகூட இல்லை, "பிரிப்பது" என்ற அந்த ஒரு வார்த்தைதான். நாம் எல்லோரும் அந்த வார்த்தையில்தான் மாட்டிக்கொள்கிறோம். ஒரு கையை ஒரு பக்கமும் இன்னொரு கையை இன்னொரு பக்கமும் காலை மூன்றாவது பக்கமும் ஓட்ட வேண்டும், மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தால் யாருக்கும் வராது, இருபது வயதுக்காரனுக்கும் வராது.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரலையும் மேசை மேல் நீட்டி வையுங்கள். பஸ் கண்ணாடியில் வைப்பர் ஓடுகிற மாதிரி இரண்டையும் ஒரே பக்கமாக அசையுங்கள், இரண்டும் இடது, இரண்டும் வலது என்று. மெதுவாக அசைக்கும்போது ஒன்றும் தெரியாது. அப்படியே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் விரல்கள் நம்மைக் கேட்காமலே மாறிவிடும், இரண்டும் சேர்ந்து உள்ளே, இரண்டும் சேர்ந்து வெளியே என்று கண்ணாடிப் பிம்பம் போல ஆட ஆரம்பித்துவிடும். ஸ்காட் கெல்சோ என்ற ஆராய்ச்சியாளர் 1984இல் இதை அளந்து கட்டுரையாகவே எழுதினார். வயதானவர்களுக்கு மட்டும் வருவது இல்லை இது, இளவட்டங்களுக்கும் இப்படித்தான் மாறும். கைகால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உடம்பின் சுபாவம், வேகம் கூடினால் அந்தச் சுபாவம்தான் ஜெயிக்கும். உங்கள் கால் மிதிக்கும்போது இடது கை கூடவே இறங்குகிறதே, அது இதுதான். உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா.

சரி, ஒட்டுகிற சுபாவத்தோடு மல்லுக்கட்ட முடியாது. அப்படியென்றால் எந்த இடத்தில் எது எதோடு ஒட்ட வேண்டும் என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும் அல்லவா?

முதல் பாடமாக எல்லோரும் அடிப்பது, நிறைய சினிமாப் பாட்டுக்கு ஒத்துப்போகிற அந்தச் சாதாரணத் தாளம்தான். வலது கை ஹைஹேட்டில், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிற ஜோடித் தாளத் தட்டில், எட்டு தட்டு. வலது கால் பெடலால் அடிக்கிற பெரிய பேஸ் டிரம்மில் முதல் தட்டிலும் ஐந்தாவது தட்டிலும். இடது கை முன்னால் இருக்கிற சின்ன டிரம்மான ஸ்நேரில் மூன்றிலும் ஏழிலும். இதை எண்ணிக்கையாகச் சொன்னால் தலை சுற்றும். நம் ஊர் மிருதங்க வாத்தியார்கள் சொல்கிற சொல்லில் போட்டுப் பாருங்கள்: தகதிமி தகஜுணு. எட்டு எழுத்து, எட்டு தட்டு. "த" வருகிற இரண்டு இடத்திலும் வலது கையும் காலும் சேர்ந்து. "தி", "ஜு" இரண்டிலும் வலது கையும் இடது கையும் சேர்ந்து. மீதி நான்கு எழுத்திலும், அதாவது க, மி, க, ணு, வலது கை மட்டும் தனியாக.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள் அக்கா, இதில் பிரிவது என்று எங்கே இருக்கிறது? இரண்டு சேர்ந்தது, தனி, இரண்டு சேர்ந்தது, தனி. அவ்வளவுதான் மொத்தத் தாளமும். இடது கை ஒரு தடவைகூட வலது கை இல்லாமல் அடிப்பதில்லை, காலும் அப்படித்தான். வலது கை மெயின் ரோட்டில் நடந்துகொண்டே இருக்கிறது, மற்ற இரண்டும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு அவரவர் இடத்தில் ஏறி இறங்குகின்றன. இது எனக்குப் புரிந்த அன்றுதான் டிரம்ஸ் எனக்குத் திறந்தது என்று சொல்வேன். அதுவரை மூன்று குதிரையை ஒரே ஆளாக ஓட்டுகிற அவஸ்தையில் இருந்தேன்.

ஒரு வாரத்துக்கு மச்சுக்கு ஏறாதீர்கள். கீழே சாப்பாட்டு மேசை நாற்காலி போதும். முதலில் வாய். தகதிமி தகஜுணு, தகதிமி தகஜுணு என்று சத்தமாக, எல்லா எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். ஒரே இடைவெளியில் டிக் டிக் என்று அடிக்கிற மெட்ரோனோமைப் போனில் தேடினால் இலவசமாகவே கிடைக்கும், நிமிடத்துக்கு 60 வைத்து ஒரு டிக்குக்கு ஒரு எழுத்து. ஒரு சுற்று முடிய எட்டு நொடி ஆகும், அலுப்பாக இருக்கும், இருக்கட்டும். வாயில் தடுக்காமல் வந்தபிறகு வலது கை வலது தொடையில் எட்டையும் தட்டட்டும். அப்புறம் "த" வரும்போது மட்டும் வலது பாதம் தரையில். இங்கே கொஞ்ச நாள் நில்லுங்கள், ஏனென்றால் கஷ்டம் "த"வில் இல்லை, அடுத்து வருகிற "க"வில் இருக்கிறது. கை மறுபடி இறங்கும்போது காலும் கூடவே இறங்கப் பார்க்கும். அந்த இடத்தில் காலைச் சும்மா வைத்திருக்கத் தெரிய வேண்டும். நாம் எல்லோரும் எப்படி அடிப்பது என்று பழகுகிறோம், சும்மா இருப்பதை யாரும் பழகுவதில்லை. "த" என்று சொல்லிக் கையும் காலும் இறங்கியதும், டிக்கைக்கூட மறந்துவிட்டு அப்படியே நிறுத்துங்கள். அடுத்தது வெறும் கை என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, பிறகு "க". இப்படி விட்டு விட்டு இருபது தடவை. கால் அடங்கியபிறகு, "தி"யிலும் "ஜு"விலும் இடது கை இடது தொடையில். இதற்கெல்லாம் வாய் நிற்கவே கூடாது. வாய் நின்றால் கை நிற்கும்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஆட்டுரல் ஞாபகம் வரவில்லையா? எங்கள் ஆச்சி தோசைக்கு ஆட்டுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். வலது கை குழவியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், நிற்காது. குழவி அந்தப் பக்கம் சாய்கிற நொடியில் இடது கை உள்ளே போய் வெளியே வழிந்த மாவைக் குழிக்குள் தள்ளிவிட்டு, குழவி திரும்பி வருவதற்குள் வெளியே வந்துவிடும். ஒரு தப்பு நடந்தால் விரல் நசுங்கும். ஆச்சி அதைச் செய்துகொண்டே தெருவில் போகிறவர்களிடம் கதையும் பேசுவாள். அவள் இரண்டு கையையும் "பிரித்து" வைத்திருந்தாளா என்ன? குழவியின் சுற்றுதான் தாளம், அதில் எந்த இடத்தில் இடது கை சேர வேண்டும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். உங்கள் வயதுக்கு நீங்களும் கட்டாயம் ஆட்டியிருப்பீர்கள். அந்தக் கைதான் இப்போது குச்சி பிடித்திருக்கிறது.

கொடையில் கேட்ட மேளம்தான் காதில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது சாதாரணச் சொத்து இல்லை. தவில்காரரை நினைத்துப் பாருங்கள், வலது கை விரல்களில் கூடு மாட்டியிருக்கிறார், இடது கையில் கழி. ஒரு கைக்கு விரல், ஒரு கைக்குக் குச்சி, இரண்டுக்கும் வேலையே வேறு, ஆனால் காதில் விழுவது ஒரே பேச்சு. கொடைகளில் நடக்கிற கணியான் கூத்தில் மகுடம் என்கிற மேளம் இரண்டு இருக்கும், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அடிப்பவர்கள் இரண்டு பேர், கேட்கிற நமக்கு ஒரே வாத்தியம். சுடலைமாடன் கோயில் முன்னால் ராத்திரி முழுக்க அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, தட்டு எங்கே தப்பியது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காதை நம்புங்கள்.

காதைப் பற்றிச் சொல்லும்போது நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதம் நான் வேகமாகவே அடித்துப் பழகினேன். பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே அடிப்பேன், நன்றாக வருவதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போனில் பதிவு செய்து கேட்டபோது நெஞ்சே விட்டுப்போயிற்று. "த" விழ வேண்டிய இடத்தில் எல்லாம் "டப்" என்று ஒரே சத்தம் கேட்காமல் "ட-டப்" என்று இரண்டாக உடைந்து கேட்டது. கை முந்திக்கொண்டு விழுகிறது, கால் ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. கால் கனம் அக்கா, தூக்கி இறக்க நேரமாகும், அதனால் கைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியாக வேண்டும். வேகத்தில் அது எனக்குக் கேட்கவே இல்லை. மூன்று மாதப் பழக்கத்தை அழிக்க இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று, மெட்ரோனோமை 40க்கு இறக்கி, "த" மட்டும், "த" மட்டும் என்று. அதனால் முதல் நாளிலிருந்தே வாரம் ஒரு தடவையாவது பதிவு செய்து கேளுங்கள். அடிக்கும்போது கேட்காதது உட்கார்ந்து கேட்கும்போது கேட்கும். உடைந்து கேட்டால் வேகத்தைக் குறையுங்கள், வேறு மருந்து கிடையாது.

நேரம்: தினமும் பதினைந்து நிமிடம், முடிந்தால் காலையில் பத்து, சாயங்காலம் பத்து. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வேண்டாம். ராத்திரி தூங்கி எழுந்தபிறகு, நேற்று வராதது இன்று தானாக வருவதை நீங்களே பார்ப்பீர்கள். பழகியதை மூளை பதிய வைத்துக்கொள்வதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு.

மச்சுக்கு ஏறியதும் முதலில் ஸ்டூலைப் பாருங்கள். மகனின் உயரத்துக்கு வைத்ததாக இருக்கும். முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கும்படி வையுங்கள், தாழ்வாக உட்கார்ந்தால் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். குச்சியை முஷ்டியாக இறுக்க வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆடுகிற மாதிரி பிடித்து, அடித்ததும் அது தானாக எழும்பி வர விடுங்கள். மகன் விட்டுப்போன குச்சி கனமாக இருந்தால் 7ஏ என்று எண் போட்டது வாங்கிக்கொள்ளுங்கள், மெலிசாக இருக்கும். மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் காது. மூடிய அறையில் டிரம்ஸ் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், நம் வயதில் போன காது திரும்பாது. மருந்துக் கடையில் கிடைக்கிற ஃபோம் காதடைப்பான் போதும், அது இல்லாமல் உட்காராதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக ஸ்நேர் மேல் ஒரு பழைய துண்டை விரித்துக்கொண்டால் அதன் சத்தம் நன்றாக அமுங்கிவிடும்.

இந்தத் தாளம் நின்றபிறகு, இரண்டாவது "த"வில் இருக்கிற காலை அதற்கு முந்தின "மி"க்கு நகர்த்திப் பாருங்கள். அங்கேயும் வலது கை இருக்கிறது, கால் அதோடுதான் சேரும். அதற்கும் அப்புறம் ஒரு நாள் வலது கையை எட்டுக்குப் பதிலாக நான்காக்கி, த, தி, த, ஜு நான்கில் மட்டும் அடித்துக்கொண்டு, காலை அதே "மி"யில் வைத்தால், கால் முதல் தடவையாகத் துணை இல்லாமல் தனியாக விழும். ஆனால் அதற்குள் "மி" எங்கே என்று வாய்க்குத் தெரிந்திருக்கும், வாய் சொல்லும் இடத்தில் கால் விழுந்துவிடும். அவசரம் வேண்டாம், அதெல்லாம் ஆடி ஆவணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். "ஜு"வில் இடது கை தயங்கினால் அதையும் எழுதுங்கள், எனக்கும் அந்த இடத்தில்தான் ரொம்ப நாள் ஆயிற்று.

அன்புடன்.