‘கிங் அண்ட் கன்ட்ரி’ படத்தில் திருப்பமே இல்லையே, அதை ஏன் கொண்டாடுகிறார்கள்?

ஜோசப் லோசி இயக்கி 1964இல் வெளிவந்த இந்தப் பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படத்தில், நீதிமன்றப் படங்களுக்கே உரிய திடீர்ச் சாட்சியோ மறைந்திருந்த ஆவணமோ கிடையாது என்பது உண்மைதான். என் பார்வையில் அதுவே இதன் பலம்.

1917இல், முதல் உலகப் போரின்போது, பெல்ஜியத்தின் பாஸ்ஷென்டேல் போர்முனையில், மூன்றாண்டுகள் போரிட்டுக் களைத்த ஹாம்ப் என்ற சிப்பாய் பீரங்கிச் சத்தம் தாங்காமல் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிப் பிடிபட்டு, மரண தண்டனைக்குரிய தப்பியோட்டக் குற்றத்துக்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். அவனுக்காக வாதாட நியமிக்கப்படும் கேப்டன் ஹார்கிரீவ்ஸாக டிர்க் போகார்ட் நடித்திருக்கிறார். தொடக்கத்தில் அவனை அலட்சியமாகவே நடத்தும் அந்த அதிகாரி, கேள்விகள் கேட்கக் கேட்க, தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனிதன் முன் நிற்கிறோம் என்று உணர்கிறார். ஹாம்பாக நடித்த டாம் கோர்ட்னியின் வெள்ளந்தியான முகமும் தயங்கித் தயங்கி வரும் பதில்களும் அந்த அலட்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகின்றன. வெனிஸ் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததில் வியப்பில்லை.

மருத்துவ அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் காட்சியை மட்டும் மீண்டும் ஒருமுறை பாருங்கள்: மனம் உடைந்து வந்தவனுக்குப் பேதி மாத்திரை கொடுத்து அனுப்பிய மருத்துவர், தாம் கடமையைச் செய்ததாகவே மனதார நம்புகிறார். இங்கே வில்லன் என்று யாருமில்லை. கருணை காட்டலாம் என்ற பரிந்துரையைக்கூட, படைப்பிரிவு மறுபடி முன்னணிக்குச் செல்லவிருப்பதால் மன உறுதி குலையக்கூடாது என்று மேலிடம் தள்ளிவிடுகிறது. இது வெறும் கற்பனையும் அல்ல. அந்தப் போரில் தப்பியோட்டம், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்குப் பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது.

சிப்பாய்கள் எலியைப் பிடித்து விசாரணை நடத்தும் பகுதி மட்டும், உவமையை ஓங்கிச் சொல்வதாக எனக்குச் சற்று உறுத்துகிறது.