'வரவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: வாங்கி இரண்டாம் கிழமையே எங்கள் ஃபிரிட்ஜ் குளிர்வதை நிறுத்திவிட்டது. திருத்த ஆள் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார்கள், வரவில்லை. ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதி மகளிடம் காட்டினேன். "டென்ஸ் எல்லாம் பிழை அம்மா" என்கிறாள். கடிதத்தை இணைத்திருக்கிறேன். எங்கே பிழை?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சொல்லவேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் எல்லோரும் இடறுகிற இடத்தில்தான் நீங்களும் இடறியிருக்கிறீர்கள்.

'ஐ ஹாட் பர்ச்சேஸ்ட்' என்று தொடங்குகிறீர்கள். அது 'வாங்கியிருந்தேன்' என்பதன் நிழல். ஆங்கிலத்தில் 'ஹாட்' வந்தால், அதற்குப் பிறகு நடந்த வேறொன்றைச் சொல்லப்போகிறீர்கள் என்று வாசிப்பவர் காத்திருப்பார். திகதி போட்டு எழுதும்போது 'ஐ பர்ச்சேஸ்ட்' போதும். அங்கே 'ஹாவ்'வும் வேண்டாம்.

முக்கியமான இடம் 'வரவில்லை'. அன்று வரவில்லை, இன்றுவரை வரவில்லை என்ற இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அவை வேறு வேறு. 'டிட் நொட் கம்' என்று மட்டும் எழுதினால், பிறகு வந்து பார்த்திருப்பார்கள் என்று முகாமையாளர் நினைத்துக்கொள்ளலாம். உங்கள் முறைப்பாடு அந்த இடத்திலேயே செத்துவிடும். இப்படி எழுதுங்கள்: 'த டெக்னீஷியன் டிட் நொட் கம் ஒன் ஜூன் 12, அண்ட் நோபடி ஹாஸ் கம் சின்ஸ்.' முதற்பாதி அன்றைய தவறைப் பதிகிறது, பின்பாதி அது இன்னும் தீரவில்லை என்கிறது.

'சின்ஸ் டூ வீக்ஸ்' அல்ல, 'ஃபொர் டூ வீக்ஸ்'.

'யூ பீப்பிள் ச்சீட்டட் மீ' என்ற வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏமாற்றினார்கள் என்றால், வேண்டுமென்றே செய்தார்கள் என்று நீங்கள் காட்டவேண்டிவரும். 'யூ ஃபெயில்ட் டு சென்ட் எ டெக்னீஷியன்' என்பதை அவர்களால் மறுக்க முடியாது. 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்பதும் வேண்டாம். திருத்தித் தரவேண்டுமா, வேறு ஃபிரிட்ஜா, காசா? அதைக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும், ஆகவே வாங்கிய திகதியை முதல் வரியிலேயே போடுங்கள். அங்கே தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை.

கடைக்குப் பற்றுச்சீட்டின் பிரதியை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.