வர்த்தகப் பிரிவு மாணவி தகவல் முறைமை படிக்கலாமா?

உயர்தரத்தில் வர்த்தகம் கற்ற தங்கை, முகாமைத்துவ பீடத்தில் தகவல் முறைமை படித்தால் திணறுவாரா என்று கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். திணற வேண்டியதில்லை, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ வர்த்தக பீடத்திலேயே முகாமைத்துவமும் தகவல் தொழினுட்பமும் இணைந்த பட்டம் உண்டு. நிறுவனத்தில் யாருக்கு, எந்தத் தகவல், எப்போது தேவை என்பதே இப்பாடத்தின் முதற்கேள்வி.

சம்மாந்துறை நெல் ஆலையொன்றின் கொப்பியில் ஒரே விவசாயி ‘கந்தையா’ என்றும் ‘மு. கந்தையா’ என்றும் இரு பக்கங்களில் பதியப்பட்டு, வாங்கிய முற்பணம் ஒன்றிலும் ஒப்படைத்த மூடைகள் மற்றதிலும் கிடந்தால், அறுவடை முடிந்தும் அவர் கடன்காரராகவே தெரிவார். ஆளுக்கொரு தனி இலக்கமிட்டு, அதைக்கொண்டு அட்டவணைகளை இணைப்பது இதைத் தவிர்க்கும்; 1970இல் கணினி அறிஞர் எட்கர் கொட் முன்வைத்த தொடர்புசார் தரவுத்தள மாதிரி (தரவுகளை ஒன்றோடொன்று இணையும் அட்டவணைகளாக வைக்கும் முறை) ‘சாவி’ எனப்படும் இவ்வகைத் தனி அடையாளங்களையே நம்பியிருக்கிறது. பேரேடு எழுதிப் பழகிய கைக்கு இது விரைவில் பிடிபடும். நிரலாக்கம்தான் (அதுவும் தொடக்கத்தில்) சற்று மிரட்டும். அதற்குத் தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கச் சொல்லுங்கள்.