கீபோர்டு கேள்வி - பதில்: கடைக்குக் கொண்டுபோகும் முன்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'கீபோர்டு கெட்டுவிட்டது' என்றே தொடங்குகின்றன. உண்மையிலேயே கெட்டிருப்பது ஒன்றுதான். மற்றவற்றில், கை தவறி ஏதோ ஒரு விசை அழுந்தி, கணினி வேறு நிலைக்குப் போய் நிற்கிறது. அதைத் திருப்பிவிட்டால் போதும், செலவு இல்லை. பதில்கள் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானவை.

என் மகளின் பழைய லேப்டாப்பில் இமெயில் பாஸ்வேர்டு போட்டால் தவறு என்கிறது. நோட்பேடில் அடித்துப் பார்த்தால் சில எழுத்துகளுக்குப் பதில் எண்கள் விழுகின்றன. கீபோர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, விருத்தாசலம்

வேண்டாம். எந்த எழுத்தில் எந்த எண் விழுகிறது என்று பாருங்கள். யு, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6. ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3. எம் அடித்தால் 0. இப்படி வந்தால் எண்பலகையை இயக்கும் நம்லாக் விழுந்திருக்கிறது என்று பொருள். தனி எண்பலகைக்கு இடமில்லாத சிறிய லேப்டாப்களில், வலது கைப் பக்கத்து எழுத்து விசைகளிலேயே எண்பலகையையும் ஏற்றிவைத்திருப்பார்கள். அந்த விசைகளின் ஓரத்தில் சின்னதாக வேறு நிறத்தில் எண்கள் அச்சாகியிருக்கும்.

எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு நம்லாக் விசையைத் தட்டுங்கள். நம்லாக் தனி விசையாக இல்லாமல், மேல் வரிசையில் வேறொரு விசையின் மேல் 'நம் எல்கே' என்ற சுருக்கமாக அச்சாகியிருக்கலாம். அதுவும் கண்ணில் படவில்லை என்றால் விண்டோஸ் + கண்ட்ரோல் + ஓ அழுத்துங்கள், திரையில் ஒரு கீபோர்டு வரும். அதில் ஆப்ஷன்ஸ் போய் எண்பலகையைக் காட்டச் சொன்னால் நம்லாக் தெரியும், மவுஸால் அணைத்துவிடலாம்.

பெரிய கீபோர்டில் இதே விஷயம் தலைகீழாக நடக்கும். நம்லாக் அணைந்திருந்தால் எண்பலகையின் 8, 4, 6, 2 அம்புக்குறிகளாகிவிடும். 7 ஹோம், 1 எண்ட். எண் விழாமல் கர்சர் மட்டும் ஓடும்.

ஷிஃப்ட்டோடு 2-ஐ அழுத்தினால் @ வராமல் மேற்கோள் குறி வருகிறது. நேற்றுவரை சரியாக இருந்தது. அப்படியே ₹ குறியை எப்படி அடிப்பது என்றும் சொல்லுங்கள்.
— தட்டச்சுப் பயிற்சி மாணவர், தென்காசி

ஷிஃப்ட் + 3 அழுத்திப் பாருங்கள். பிரிட்டிஷ் பவுண்டு குறி வந்தால் சந்தேகமே இல்லை, கணினி பிரிட்டன் விசை அமைப்புக்கு மாறியிருக்கிறது. அமெரிக்க அமைப்பில் @ இருக்கும் இடமும் இரட்டை மேற்கோள் இருக்கும் இடமும் பிரிட்டன் அமைப்பில் இடம் மாறியிருக்கும்.

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. இந்த இடத்து விசை அழுந்தியது என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது விண்டோஸில் அப்போது தேர்வாகியிருக்கும் அமைப்புதான். ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இருக்கும்போது இடது ஆல்ட் + ஷிஃப்ட் தெரியாமல் அழுந்தினாலே மாறிவிடும். விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்திச் சரியானதற்குத் திரும்புங்கள். பிரிட்டன் அமைப்பு தேவையே இல்லை என்றால் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் நீக்கிவிடுங்கள். அதுதான் நிரந்தர வழி.

₹ குறிக்கு 'இங்கிலீஷ் இந்தியா' அமைப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் வலது பக்க ஆல்ட் + 4 அழுத்தினால் வரும். இடது ஆல்ட் இதற்கு உதவாது, பலர் தடுக்கி விழும் இடம் இது. வேர்டில் மட்டும் போதுமென்றால் இரண்டு, பூஜ்யம், ஆங்கில எழுத்து பி, ஒன்பது என்று இடைவெளியில்லாமல் அடித்து உடனே ஆல்ட் + எக்ஸ் அழுத்தினால் ₹ ஆகிவிடும். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த இந்தக் குறியை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலை 15 அன்று. அதே ஆண்டு யூனிகோடிலும் இடம்பெற்றது. அதற்கு முன் உருவான எழுத்துருக்களில் வெறும் கட்டம்தான் தெரியும். அப்போது அந்த ஓர் எழுத்தை மட்டும் நிர்மலா யுஐ எழுத்துருவுக்கு மாற்றுங்கள்.

நூறு ஷார்ட்கட் அச்சடித்த தாளை வாங்கி மேஜையில் ஒட்டியிருக்கிறேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
— டிடிபி வேலை பார்க்கும் வாசகர், சிவகாசி

தாளை எடுத்துவிடுங்கள். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நூறும் நூறு பாரம். ஆனால் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் பாதி தானாக வந்துவிடும்.

கர்சரை நகர்த்துவதிலிருந்து தொடங்குங்கள். வலது அம்புக்குறி ஓர் எழுத்து நகர்த்தும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அதையே அழுத்தினால் ஒரு சொல் நகரும். கண்ட்ரோலோடு கீழ் அம்புக்குறி என்றால் ஒரு பத்தி. ஹோம் வரியின் தொடக்கத்துக்குப் போகும், கண்ட்ரோல் + ஹோம் கோப்பின் தொடக்கத்துக்கே போகும். ஆக, கண்ட்ரோல் சேர்ந்தால் தாவல் பெரிதாகிறது. இவற்றில் எதோடும் ஷிஃப்ட்டைச் சேருங்கள்: கர்சர் கடந்துபோகும் இடமெல்லாம் தேர்வாகிவிடும். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வலது அம்பு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும். ஷிஃப்ட் + எண்ட் வரியின் கடைசிவரை. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எண்ட் கோப்பின் கடைசிவரை. அழிப்பதற்கும் இதே கணக்கு. கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் முந்தைய சொல்லை முழுதாக அழிக்கும்.

இது வேர்டுக்கு மட்டுமல்ல. பிரவுசரின் முகவரிப் பட்டையில், இமெயிலில், வாட்ஸ்அப் வெப்பில் செய்தி அடிக்கும் கட்டத்தில் எல்லாம் செல்லும். எக்ஸெலில் கண்ட்ரோல் + கீழ் அம்பு தரவு முடியும் வரிசைக்கு ஒரே தாவலில் போகும், ஷிஃப்ட்டும் சேர்ந்தால் ஐயாயிரம் வரிசையும் ஒரு நொடியில் தேர்வாகும். மவுஸால் இழுத்தால் தேவையைத் தாண்டி ஓடிவிடும் வேலை அது.

ஷிஃப்ட்டுக்கு இன்னொரு வழக்கம், திருப்பிச் செய்வது. டேப் அடுத்த கட்டத்துக்குப் போகும், ஷிஃப்ட் + டேப் முந்தையதற்கு. பிரவுசரில் கண்ட்ரோல் + டி (T) புதிய டேப் திறக்கும். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி, தவறி மூடிய டேப்பைத் திரும்பக் கொண்டுவரும்.

கண்ட்ரோலோடு சேர்ந்து கடைசிச் செயலைத் திருப்பும் இசட், வெட்டும் எக்ஸ், காப்பி எடுக்கும் சி, ஒட்டும் வி நான்கும் கீழ் வரிசையின் இடது மூலையில் அடுத்தடுத்து இருப்பவை. வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களுள் ஒருவர் லாரி டெஸ்லர். பின்னர் ஆப்பிளின் லிசா கணினியில் இந்த நான்கு விசைகள் அந்த வேலைக்கு வந்தன. வி-க்கு விரிவு என்ன என்று தேட வேண்டாம். இடது கை கண்ட்ரோலைவிட்டு நகராமல் எட்டுகிறது, அதுவே காரணம்.

அழுத்தும் முறையிலும் கவனம் தேவை. இரண்டு விசையையும் ஒரே சமயத்தில் தட்டப் பார்த்தால் சில நேரம் எழுத்து முந்திக்கொள்ளும். தேர்ந்தெடுத்த பத்தி மொத்தமும் மறைந்து அந்த இடத்தில் ஒற்றை சி நிற்கும். பதறாமல் கண்ட்ரோல் + இசட் அழுத்துங்கள், திரும்பிவிடும். கண்ட்ரோலை முதலில் அழுத்திப் பிடித்து, எழுத்தைத் தட்டி எடுத்து, கடைசியில் கண்ட்ரோலை விடுவதே சரியான வரிசை.

புதியவற்றைத் தெரிந்துகொள்ளத் தாள் தேவையில்லை. மெனுவைத் திறந்தால் பல கட்டளைகளின் வலப்பக்கத்தில் அதன் ஷார்ட்கட் எழுதியிருக்கும். வேர்டில் ஆல்ட்டை ஒருமுறை தட்டினால் மேல் பட்டை முழுக்க எழுத்துகள் முளைக்கும். நீங்கள் ஒரு நாளில் அதிகம் செய்யும் வேலைக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸெலில் அம்புக்குறி அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் ஷீட்டே நகர்கிறது.
— கணக்கர், ஈரோடு

ஸ்க்ரோல் லாக். எக்ஸெலின் அடிப்பட்டையில் அந்தச் சொல்லே தெரியும். உங்கள் லேப்டாப்பில் அந்த விசை இல்லாவிட்டால், முதல் பதிலில் சொன்ன திரைக் கீபோர்டை வரவழைத்து அதில் ஸ்க்ரோல் லாக்கை ஒருமுறை சொடுக்குங்கள்.

ஒன்றைக் காப்பி செய்து, ஒட்டுவதற்கு முன் இன்னொன்றைக் காப்பி செய்துவிட்டேன். முதலில் எடுத்தது போனது போனதுதானா?
— பள்ளி ஆசிரியை, பட்டுக்கோட்டை

விண்டோஸ் + வி அழுத்துங்கள். முதல்முறை என்றால் 'டர்ன் ஆன்' கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள். இது 2018இல் வந்த வசதி. இயக்கிய பிறகு காப்பி செய்தவை 25 வரை பட்டியலாக நிற்கும், வேண்டியதைச் சொடுக்கினால் ஒட்டும். இயக்குவதற்கு முன் போனது போனதுதான். கணினியை மறுபடி தொடங்கினால் பட்டியல் காலியாகும். அடிக்கடி ஒட்டும் முகவரி போன்றவற்றைப் பின் குத்தி வைத்தால் அவை மட்டும் தங்கும். பலர் பயன்படுத்தும் கணினியில் பாஸ்வேர்டைக் காப்பி செய்தால் அதுவும் பட்டியலில் நிற்கும், எழுந்துபோகும் முன் அழித்துவிடுங்கள்.

அலுவலகத்தில் தமிழ் 99 கற்கச் சொல்கிறார்கள். நான் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தே பழகியவள். மாறுவதால் என்ன லாபம்? இன்னொன்று, தமிழில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் பாதி எழுத்துதான் அழிகிறது, ஏன்?
— அரசு அலுவலகத் தட்டச்சர், மதுரை

லாபம் உண்டு, மாறச் சொல்லியே பரிந்துரைக்கிறோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த விசை அமைப்பு இது. தமிழ் எழுத்தின் இயல்பைக் கணக்கில் வைத்தே விசைகளை அடுக்கியிருக்கிறார்கள். உயிர் முழுக்க இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. அவற்றின் நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. அதாவது குறிலுக்கு மேலேயே அதன் நெடில். உயிர்மெய் அடிக்கும்போது வலது கை, இடது கை என்று மாறி மாறி வருவதால் விரல் களைக்காது. எஃப், ஜே விசைகளில் தடவினால் தெரியும் சிறு மேடு இருக்கிறதல்லவா? தமிழ் 99இல் அவை புள்ளியும் ப-வும். ஆட்காட்டி விரல்கள் அங்கேயே நிற்கட்டும்.

பெரிய சேமிப்பு புள்ளியில்தான். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல். ஒலிப்படி அடித்தால் ஐந்து. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இன இணைகளுக்கும் புள்ளி தானாகவே விழும். 'வந்தான்' ஆறு தட்டலில் முடியும், ஒலிப்படி என்றால் எட்டு. நாளெல்லாம் அடிப்பவருக்கு இது சிறிய வித்தியாசம் அல்ல.

பழகாதவர் தடுமாறுவதும் இதே வசதியில்தான். லலிதா, மமதா போன்ற பெயர்களில் புள்ளி வேண்டாத இடத்தில் விழுந்துவிடும். ல அடித்து, அ அடித்து, பிறகு அடுத்த ல அடியுங்கள். நடுவில் வரும் அ புள்ளியைத் தடுத்துவிடும், திரையில் கூடுதலாக எதுவும் தோன்றாது.

சேர்ப்பதற்கு: செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் மொழிப் பகுதி. தமிழைச் சேர்த்து, அதன் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் 'ஆட் எ கீபோர்டு' கொடுத்தால் தமிழ் 99 பட்டியலில் இருக்கும். ஆப்பிள் மேக் கணினிகளிலும் உள்ளேயே இருக்கிறது.

பேக்ஸ்பேஸ் விஷயம் பழுதல்ல. 'கோ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினியில் அது க என்ற குறியும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. பேக்ஸ்பேஸ் கடைசியாகச் சேர்ந்ததை மட்டும் எடுப்பதால் க மிஞ்சுகிறது. உயிர்க்குறியை மட்டும் திருத்த இது வசதி. முழு எழுத்தும் போக வேண்டுமென்றால் கர்சரை எழுத்துக்கு முன்னால் வைத்து டெலீட் அழுத்துங்கள், பெரும்பாலான செயலிகளில் ஒரே தட்டலில் போய்விடும்.

விசையை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது. வைரஸா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ஃபில்டர் கீஸ். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, தெரியாமல் பட்ட தட்டல்களைக் கணினி ஒதுக்கிவிடும் வசதி. யோசித்துக்கொண்டே வலது ஷிஃப்ட்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் ஒரு கேள்வி வரும், படிக்காமல் என்டர் தட்டினால் இயங்கிவிடும். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ். இரண்டு விசையைச் சேர்த்துப் பிடிக்க முடியாதவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த உதவுவது. உங்களுக்குத் தேவை இல்லையென்றால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு போய் இரண்டையும் அணையுங்கள். விண்டோஸ் 10இல் அந்தப் பகுதியின் பெயர் ஈஸ் ஆஃப் ஆக்சஸ். விசையால் இயக்கும் அனுமதியையும் அங்கேயே எடுத்துவிட்டால் மறுபடி தொல்லை இல்லை. பொதுக் கணினியாக இருந்தால் அனுமதியை எடுக்காதீர்கள், அது தேவைப்படும் ஒருவர் அடுத்து வந்து உட்காரலாம்.

எஃப் 2 அழுத்தினால் கோப்பின் பெயர் மாற்ற வரவேண்டும் அல்லவா? என் லேப்டாப்பில் ஒலி குறைகிறது.
— வாசகர், காரைக்கால்

எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். பல லேப்டாப்களில் எஃப்என் + எஸ்கேப் இந்த வழக்கத்தை நிரந்தரமாக மாற்றும். எஸ்கேப் விசையில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் உங்களுடையதும் அந்த வகை.

லேப்டாப் கீபோர்டில் டீ கொட்டிவிட்டது. துடைத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து எஸ் எழுத்து தானே விழுந்துகொண்டே போகிறது. பழைய யுஎஸ்பி கீபோர்டிலும் முன்பு இப்படி ஆனது.
— ஒரு வாசகி, திருவாரூர்

உண்மையான பழுது இதுதான். தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரையும் பாலும் காய்ந்து பிசினாகி விசையை மேலே எழவிடாது.

யுஎஸ்பி கீபோர்டு என்றால் நீங்களே பார்க்கலாம். இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தட்டையான ஒன்றால் விசைமூடியை நேர் மேலாக நெம்பி எடுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் விசை இறங்கும் குழியைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தின்னரும் பெட்ரோலும் கூடாது, பிளாஸ்டிக்கையும் எழுத்து அச்சையும் கரைத்துவிடும்.

லேப்டாப்பில் மூடியை நெம்பாதீர்கள். அடியில் கத்தரிக்கோல் போல மடங்கும் மெல்லிய கொக்கிகள் இருக்கும், உடைந்தால் தனியாகக் கிடைப்பது கடினம். இப்போதைக்கு வெளிக் கீபோர்டு ஒன்றைச் செருகி, மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் செயலியில் கீபோர்டு மேனேஜர் திறந்து எஸ் விசையைச் செயலிழக்கச் செய்யலாம். அது வெளிக் கீபோர்டின் எஸ்-ஐயும் சேர்த்தே நிறுத்திவிடும் என்பதால், நீங்கள் பயன்படுத்தாத ஒரு விசையை எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். பழுது பார்க்கக் கொடுக்கும்போது, கீபோர்டு தனியாகக் கழலுமா, மேல்மூடியோடு சேர்த்து அறையப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பல மாதிரிகளில் இரண்டாவது வகைதான், செலவு அதனால் கூடும்.

இனி ஒருமுறை கொட்டினால் துடைப்பதற்கு முன் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள். திறந்த நிலையிலேயே கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையரின் சூடு விசையை வளைக்கும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். ஒரு நாளாவது காயாமல் 'ஆன் ஆகிறதா' என்று சோதித்துப் பார்க்காதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் பாயும்போதுதான் போர்டு எரிகிறது.