விசித்திர பேட்டன்ட்களும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

வணக்கம் அம்மா. பரீட்சை நேரத்தில் மகள் விசித்திரமான பேட்டன்ட்களை, அதாவது கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமைகளை, தேடித் தேடிப் படிக்கிறாள், தன் பெயரிலும் ஒன்று வேண்டும் என்கிறாள், அதை வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்சி கேட்கும் பணத்தைக் கட்டலாமா என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஆனால் அவள் படிப்பதைத் தடுக்காதீர்கள்.

பேட்டன்ட் கிடைத்தாலே அந்தப் பொருள் உருப்படியானது என்று அரசாங்கம் முத்திரை குத்திவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பேட்டன்ட் அலுவலக ஆய்வாளர் முக்கியமாகப் பார்ப்பது, அது புதியதா, துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றக்கூடியதா, படித்தவர் செய்துபார்க்கும் அளவுக்கு விளக்கியிருக்கிறதா என்பதைத்தான். பயன் பற்றிய கேள்வியும் உண்டு. அது பெரிய தடை இல்லை. கடையில் விலைபோகுமா என்பது அவர் கவலையே அல்ல.

அதனால்தான் 1965-இல் அமெரிக்காவில் ஒரு தம்பதிக்கு அப்படியொரு பேட்டன்ட் கிடைத்தது. பிரசவ வேளையில் பெண்ணை ஒரு மேசையில் படுக்கவைத்து, பட்டைகளால் கட்டி, மேசையை வேகமாகச் சுழற்றினால் மையவிலக்கு விசையில் குழந்தை வெளியே வந்துவிடுமாம். வந்து விழும் குழந்தையைப் பிடிக்க ஒரு வலை வேறு! படித்தால் சிரிப்பு வரும், ஆனால் வரைபடங்களில் அத்தனை சிரத்தை. 2002-இல் ஊஞ்சலில் பக்கவாட்டில் ஆடும் முறைக்கு ஒரு சிறுவன் பெயரில் பேட்டன்ட் கொடுத்தார்கள். அப்பா பேட்டன்ட் வழக்கறிஞர். பிறகு மறுஆய்வில் அது ரத்தானது. லேசர் ஒளியைக் காட்டிப் பூனையை ஓடவைக்கும் முறைக்கு 1995-இல் கிடைத்தது. இது பயனற்றது என்று பூனை வளர்ப்பவர் யாரும் சொல்லமாட்டார். ஆனால் வீடு வீடாகப் போய் யாரிடம் உரிமைத்தொகை வசூலிப்பது?

பயன் உண்டா என்று கண்டுபிடிக்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி ஒன்று உண்டு. பேட்டன்ட் உயிரோடு இருக்க அவ்வப்போது புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். உரிமையாளர் கட்டினாரா என்று பாருங்கள். பிரிட்டிஷ் ரயில்வே 1973-இல் அணு இணைவில் இயங்கும் பறக்கும் தட்டுக்கு பேட்டன்ட் வாங்கியது. 1976-இல் கட்டணம் கட்டாமல் விட்டுவிட்டது. சொந்தக்காரரே காசு போட மறுத்தால் வேறென்ன சாட்சி வேண்டும்? கட்டியிருந்தால் மட்டும் அது பயனுள்ளது என்று ஆகிவிடாது. போட்டியாளரை மறிக்கவும் சிலர் கட்டுவார்கள்.

மகளை வாரம் ஒரு பேட்டன்ட் எடுக்கச் சொல்லுங்கள். படத்தை விட்டுவிட்டு, கடைசியில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களைப் படிக்கட்டும். எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று தன் சொற்களில் அரைப்பக்கம் எழுதட்டும். இதே யோசனை முன்பே எங்காவது வந்திருக்கிறதா என்று தேடட்டும். பேட்டன்ட் ஆய்வாளர்களும் தேடல் வல்லுநர்களும் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையின் சாரம் இதுதான். இதில் அவளுக்கு அலுப்பு வராவிட்டால் பொறியியலோ அறிவியலோ எடுக்கட்டும். இந்தத் துறைக்குள் நுழைய அந்த அடிப்படைதான் வேண்டும், சட்டம் பிறகு படித்துக்கொள்ளலாம். மொழிப்பாடத்தை அசட்டை செய்ய வேண்டாம். ஒரு சொல் பிசகினால் உரிமையின் எல்லையே மாறிவிடும்.

நிஜமாகவே அவளிடம் ஒரு யோசனை இருந்தால், விண்ணப்பிக்கும் முன் அறிவியல் கண்காட்சியில் வைக்கவோ வீடியோ போடவோ விடாதீர்கள். வெளியே காட்டிவிட்டால் பல நாடுகளில் அது புதியதாகக் கருதப்படாது. ஏஜென்சியிடம், முன்பே உள்ளவற்றைத் தேடிப்பார்த்த அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.